நற்பிரசையாய் வாழ்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



நற்பிரசை என்பவன் யார், தலைவன் என்பவன் யார், வாழ்க்கைக்கு ஓர் இலட்சியம் வேண்டுமா என்னும் மூன்று வினாக்களைக் குறித்துச் சில வார்த்தை பேசும்படி சங்கத்தார் எம்மைப் பணித்தார்கள். நாம் இன்னும் பல்கலைக்கழகத்திற் கற்றுக்கொண்டிருக்கும் மாணவர். மிஷன் கல்லூரியொன்றிற் படித்தவர்கள். இந்து வாலிபர் மேடையில் இவர்களுக்கு என்ன வேலை என்று எவரேனும் எண்ணினால், அதற்கு விடையும் இம்மூன்று வினாக்களுக்கு விடையும் ஒரே வரலாற்றில் இருக்கின்றன. அது வேறெங்கோ நடந்ததன்று. நமது யாழ்ப்பாணத்திலே நடந்தது.

1924ஆம் ஆண்டிலே வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியைச் சார்ந்த சில இளைஞர்கள் கூடி மாணவர் காங்கிரஸ் என்றொரு சபையை அமைத்தார்கள். பின்னாளில் அது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்றது. அதற்கு உயிராயிருந்தவர் ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. இங்கே அமர்ந்திருக்கும் எம்போன்றோரின் வயதுதான். அவர் கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்தவர். மிஷன் கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். பிற்காலத்திற் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கியவர். சைவரும் கிறிஸ்தவரும் அந்தச் சபையில் ஒன்றாக உழைத்தனர். சிங்களப் பெரியோரையும் தம் மாநாடுகளுக்கு அழைத்தனர். தமிழ்ப் பிள்ளைகள் சிங்களமும், சிங்களப் பிள்ளைகள் தமிழும் கற்கவேண்டும் என்று அக்காலத்திலேயே வற்புறுத்தினர். 1927 நவம்பரில் மகாத்மா காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கு வந்ததும் இவ்விளைஞர்களின் அழைப்பினாலேயாம்.

இவர்கள் கேட்டது பூரண சுயராச்சியம். ஆனால், ஆங்கிலேயரிடம் சுயராச்சியம் கேட்பதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சாதி வேற்றுமையை ஒழிப்பதும் தமது கடமையென ஆரம்பத்திலேயே தீர்மானித்தார்கள். அந்நாளிலே நமது பாடசாலைகளில் தாழ்த்தப்பட்ட குலத்துப் பிள்ளைகள் நிலத்திலும் வாசலிலும் இருந்து படித்தார்கள். மற்றவர்களுக்கு வாங்கு இருந்தது. எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வேண்டும் என்ற முயற்சி எழுந்தபோது ஊர்ப் பிரமுகர்கள் பலர் கொதித்தெழுந்தனர். சில பாடசாலைகள் தீக்கிரையாயின. வாலிபர் காங்கிரசார் சம ஆசனத்தின் பக்கமே நின்றனர். தம் உறவினரும் அயலவரும் முகஞ்சுளிக்க நின்றனர்.

இங்கேதான் பிரசை என்பவனுக்கு இலக்கணம் கிடைக்கிறது. அரசாங்கத்திடம் சமத்துவம் கேட்பது எளிது. மகஜர் எழுதினாற் போதும். நம் வீட்டுத் திண்ணையிலும் நம் ஊர்க் கிணற்றடியிலும் அதே சமத்துவத்தைக் கொடுப்பது அரிது. எதனை நாம் மேலேயுள்ளவரிடம் கேட்கிறோமோ, அதனை நமக்குக் கீழே என்று நாம் கருதியவருக்கு முதலிற் கொடுப்பவனே பிரசை. மற்றவன் மனுக்காரன் மாத்திரமே.

இனித் தலைமையைப் பற்றிச் சொல்லுவோம். 1931இல் டொனமூர் அரசியற்றிட்டம் வந்தது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆண் பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. ஆசியாக் கண்டத்திலேயே இத்தகைய சர்வசன வாக்குரிமையை முதன்முதற் பெற்ற நாடு நம் நாடென்பர். ஆனால் அத்திட்டம் பூரண சுயராச்சியம் தரவில்லை. ஆதலின் அதனைப் பகிஷ்கரிக்கவேண்டும் என வாலிபர் காங்கிரஸ் அறைகூவியது. அவ்வாண்டு மே 4ஆந் திகதி நியமனப் பத்திரம் ஏற்கும் நாள். யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவராவது பத்திரம் தாக்கல் செய்யவில்லை. படையோ பணமோ இல்லாத வாலிபர்களின் சொல்லுக்குக் குடாநாடு முழுவதும் கட்டுப்பட்டது. இது சாமானியமான காரியமா?

எனினும், அன்பர்களே, புகழ்ந்துவிட்டு அப்பாற் செல்வது நேர்மையாகாது. தென்னிலங்கையார் தேர்தலில் இறங்கிவிட்டனர். நான்கு ஆசனங்களும் வெறுமையாய்க் கிடக்க அரசாங்க சபை கூடிற்று. 1934இல் இடைத்தேர்தல் நடக்கும் வரை குடாநாட்டுக்காக அங்கே பேச ஒருவரும் இருக்கவில்லை. அதனிலும் முக்கியமான ஒன்றுண்டு. அதுவரை வாக்கென்பதையே அறியாத கூலித் தொழிலாளியும், கடற்றொழிலாளியும், கள்ளிறக்குபவனும், அடுப்படியில் இருந்த நம் பாட்டிமாரும் அவ்வாண்டிலேதான் முதன்முதல் அந்த உரிமையைப் பெற்றார்கள். பெற்ற வாக்கைப் பயன்படுத்த அவர்கள் மூன்று ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. பகிஷ்காரத்தை அவர்கள் விரும்பினார்களா என்பது எந்த வாக்குப் பெட்டியிலும் அளந்து பார்க்கப்படவில்லை.

அந்த வாலிபர்களிடம் சுயநலம் இருந்தது என்று எவரும் சொல்லத் துணியார். பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது அதை வேண்டாமென்று சொன்னவர்கள் அவர்கள். ஆகவே அவர்களிடமிருந்து நாம் கற்கவேண்டியவை இரண்டு. தலைவனாவான் தான் சொல்லும் தியாகத்தைத் தானே முதலிற் செய்பவன்; இதை அவர்கள் செய்துகாட்டினார்கள். தலைவனாவான் தன் முடிவினால் யார் இழப்பாரோ அவரையும் கேட்டு முடிவெடுப்பவன். இது அவர்கள் விட்டுச்சென்ற பாடம். இலட்சியம் எவ்வளவு தூயதாயினும், இழப்பவன் வாய்திறக்க இடமில்லாத கூட்டத்தில் எடுக்கும் முடிவு அரை முடிவேயாம்.

வாக்கின் அருமை நமக்குப் பிறகுதான் தெரிந்தது. 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் மலையகத் தோட்டத் தொழிலாளரின் கட்சியாகிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் சில ஆசனங்களைப் பெற்றது. அடுத்த ஆண்டே 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தந்தையோ, அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்ததற்குச் சான்று காட்டவேண்டும் என்றார்கள். காட்டு மரத்தை வெட்டித் தேயிலை நட்டவனிடம் பிறப்புப் பத்திரம் எங்கேயிருந்து வரும்? பிரஜாவுரிமை போயிற்று, 1949இல் வாக்கும் போயிற்று. அக்காலத் தமிழ்த் தலைவர்கள் ஒரே குரலாய் நிற்கவில்லை. அந்தப் பிளவிலிருந்துதான் செல்வநாயகம் அவர்கள் வெளியேறி 1949 டிசம்பரிலே தமிழரசுக் கட்சியைத் தோற்றுவித்தார்கள்.

1964இல் சிறிமாவோ அம்மையாரும் சாஸ்திரி அவர்களும் செய்த ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. சந்தையில் மூடை எண்ணுவதுபோல மனிதரை எண்ணினார்கள். எஞ்சியிருந்தோருக்கும் உரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இலே. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! யாழ்ப்பாணம் ஒருகாலத்தில் வேண்டாமென்று ஒதுக்கிவைத்த அதே வாக்கு, மலையகத்திற் பறித்தெடுக்கப்பட்டது.

கலவரங்களில் வீடிழந்த மலையகக் குடும்பங்கள் பல வன்னிக்கு வந்து குடியேறின. அவர்களை இன்றைக்கும் 'தோட்டக்காட்டார்' என்று நம்மவர் சிலர் அழைப்பதைக் காதாரக் கேட்கிறோம். 2018இல் தென்மராட்சியிலே ஒரு கோவிலில், எல்லாக் குலத்தாரும் வடம்பிடிப்பதைத் தவிர்ப்பதற்காக மண் அள்ளும் இயந்திரத்தைக்கொண்டு தேர் இழுத்தார்கள் என்ற செய்தி உலகமெங்கும் பரவியது. அயலவன் கைபட்ட வடத்தைத் தொடுவதிலும் இரும்பு இயந்திரமே மேல் என்று எண்ணினார்கள் போலும்! கொழும்பைப் பார்த்து நீதி கேட்கும் நாம், இந்தச் செய்தியைக் கேட்டு வெட்கப்படாமல் இருக்கலாமா? இந்து வாலிபர் சங்கம் என்ற பெயரைத் தாங்கிய நமக்கு அந்த வெட்கம் இருமடங்கு இருக்கவேண்டும் அல்லவா?

ஆகையால், இலட்சிய வாழ்வு என்பது என்ன? பெரிய மேடை ஏறுவதன்று. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு நம் ஊர்களில் வீதிகள் வந்தன, மின்சாரம் வந்தது. ஆனால் வெளிநாட்டுக்குப் போகும் நாளையே இலட்சியமாகக் கொண்டு காத்திருக்கும் வாலிபரும் பெருகினர். போகின்றவரை நாம் குறை கூறவில்லை. அவர்கள் அனுப்பும் பணத்தால் அடுப்பெரியும் வீடுகள் பல. ஆனால் போகும் வரைக்கும் இங்கே விருந்தாளிபோல் இருப்போம் என்றால், நம் ஊரை யார் நடத்துவது? எங்கே வாழ்ந்தாலும், வாழும் நாளில் அந்த ஊருக்குப் பொறுப்பாளியாய் வாழ்வதே இலட்சிய வாழ்வு.

சங்கத்து அங்கத்தவர்களுக்கு மூன்று காரியங்களைப் பணிவோடு சொல்லுகிறோம். முதலாவது, வாக்காளர் இடாப்பு திருத்தப்படும் காலத்தில் நம் வட்டாரத்தில் ஒவ்வொரு படலையாகச் சென்று, பதினெட்டு வயதானவரின் பெயரும், புதிதாகக் குடிவந்தவரின் பெயரும், படிவம் நிரப்பத் தெரியாத முதியோரின் பெயரும் சேர்ந்தனவா என்று பார்ப்போம். 1949இல் ஓர் இனத்தாரின் பெயர்கள் நீக்கப்பட்டதைப் படித்த நாம், ஒரு பெயர்கூட நம் சோம்பலால் விடுபடவிடலாகாது. இரண்டாவது, நமது வாசிகசாலையிலும், தண்ணீர்ப் பந்தலிலும், திருவிழாப் பந்தியிலும் எவருக்கும் தனி ஆசனம் இல்லை என்பதைத் தீர்மானமாக எழுதுவோம்; எழுதியபடி நடப்போம். தேர்வடம் யார் கையிலும் இருக்கலாம் என்று கோவில் பரிபாலன சபைப் பெரியோரிடம் கைகூப்பிக் கேட்போம். மறுத்தால் மறுபடியும் கேட்போம். மூன்றாவது, சங்கத்தின் வரவு செலவை ஒவ்வொரு மாதமும் வாசிகசாலைச் சுவரில் ஒட்டுவோம். நூறு ரூபாய்க்குக் கணக்குக் காட்டப் பழகாதவன் நாளை நாட்டின் கணக்கைக் கேட்கத் தகுதியற்றவன்.

இவை சின்னக் காரியங்கள் என்று பெரியோர்கள் புன்னகை செய்யக்கூடும். 1924இல் வட்டுக்கோட்டையிற் கூடிய மாணவர்களைப் பார்த்தும் அப்படிப் புன்னகைத்தவர்கள் இருந்திருப்பார்கள். பெரியோர்களே, நாங்கள் உங்களிடம் கேட்பது பாராட்டன்று. எங்கள் கூட்டங்களுக்கு வந்து உட்காருங்கள். தவறினால் தட்டிக்கேளுங்கள். நாங்கள் வடத்தைப் பிடிக்கும்போது, எங்களுக்குப் பக்கத்தில் நிற்பவன் எந்தக் குறிச்சியைச் சேர்ந்தவன் என்று மாத்திரம் கேளாதிருங்கள்.