லால்குடி ஜெயராமன் அவர்களும் பக்கவாத்தியமும்

(நம் சங்கத்தின் வில்லியனூர்க் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



திருக்காமீசுவரர் எழுந்தருளியிருக்கும் இவ்வூரில் இசையைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு தலைவர் அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் தமிழ் கற்றவரேயன்றி இசைவாணர் அல்லேம். ஆயினும் சென்ற தைத் திங்களில் நம் அன்பர் ஒருவர் எம்மிடம் கேட்ட வினாவே எம்மை ஈண்டு நிறுத்தியது. அவர் பாகூர்க் கொம்யூனைச் சார்ந்தவர், பயிர்த்தொழில் செய்பவர். அவர்தம் மகள் எம் மாணவி. ஈராண்டுகளாகப் பிடில் பயில்கின்றாள். இதுகாறும் ஆசிரியரின் பிடிலையே இரவலாகக் கொண்டு பயின்றாள். இனிச் சொந்தத்தில் ஒன்று வேண்டுமென்ற நிலை வந்தபோது தந்தையார் எம்மிடம் வந்தார்.

"ஐயா, இந்தப் பிள்ளை எத்தனை வருஷம் கற்றாலும் பாடுகிறவர் பக்கத்தில் உட்காரத்தானே போகிறது? கடைசி வரைக்கும் பக்கவாத்தியந்தானே? அதற்கு இவ்வளவு செலவு எதற்கு?" என்றார்.

அன்று யாம் விடை கூறவில்லை. இன்று கூறுகின்றோம். அன்பர் இவ்வவையில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கின்றார்; கோபித்துக்கொள்ளார் என்று நம்புகின்றோம்.

எம் விடை ஒரு மனிதரின் வாழ்க்கையாகும். லால்குடி ஜெயராமன் என்னும் பெயரை நும்மிற் பலர் கேட்டிருப்பீர்கள். நம் சங்கத்தாரல்லாத ஒருவரைப் பற்றி நம் கூட்டத்திற் பேசுவானேன் என்று யாரேனும் எண்ணுவராயின், நல்ல உழவனைக் கண்டால் அவன் எந்த ஊரான் என்று வினவியா அவன் வயலைப் பார்க்கின்றோம் என்று அவர்களைக் கேட்போம்.

அவரைக் குறித்துக் கூறுமுன் அக்கருவியைக் குறித்துச் சிறிது கூறவேண்டும். பிடில் என்றும் வயலின் என்றும் வழங்கும் இது நம் நாட்டுக் கருவி அன்று. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் சென்னைப் பக்கத்தில் ஓர் ஐரோப்பியரிடம் இதனைக் கற்று நம் இசைக்கு ஏற்றவாறு பழக்கினார் என்பர். தஞ்சை நால்வருள் இளையவராகிய வடிவேலு, திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாளிடமிருந்து தந்தத்தாலான பிடில் ஒன்றை 1834-ல் பரிசிலாகப் பெற்றார். மேனாட்டார் நின்றுகொண்டு மோவாயின்கீழ் இக்கருவியை இடுக்கி வாசிப்பர். நம்மவரோ சம்மணமிட்டு அமர்ந்து, ஒரு முனையை மார்பிலும் மறு முனையை வலக் காலின் கணுக்காலிலும் பொருத்தினர். இதனாற் கருவியைத் தாங்கும் வேலை இடக்கைக்கு இல்லாதொழிந்தது. விரல் தந்தியின்மீது தடையின்றி வழுக்கிச் செல்லலாயிற்று. கமகம் பிறப்பது இவ்வழுக்கலிற்றான். நான்கு தந்திகளையும் ச, ப, ச, ப என்று பாடுவோரின் சுருதிக்கு ஏற்பக் கூட்டிக்கொண்டனர். மரமும் தந்தியும் மேல்நாட்டினவாக இருக்க, கருவி நம்முடையதாயிற்று.

ஆனால் நெடுங்காலம் அதன் இருக்கை பக்கத்திலேதான் இருந்தது. நம் அன்பரின் மனத்தை வருத்துவதும் இதுவே.

ஜெயராமன் அவர்கள் 1930 செப்டம்பர் 17-ல் பிறந்தார். திருச்சிராப்பள்ளியை அடுத்த லால்குடியில் அவர் குடும்பம் வழிவழியாக இசை வளர்த்தது. முன்னோருள் ஒருவர் தியாகராச சுவாமிகளிடம் பாடங்கேட்டவர். தந்தையார் கோபால ஐயரே ஆசான். கண்டிப்பு மிக்க ஆசான். பிறர்க்குத் துணையாக வாசிக்கும் பணியுடன் 12 வயதில் மேடையேறினார் மகனார். அரியக்குடி இராமாநுச ஐயங்கார், செம்பை வைத்தியநாத பாகவதர், செம்மங்குடி சீனிவாச ஐயர், மதுரை மணி ஐயர், ஜி. என். பாலசுப்பிரமணியம் என்று அக்காலத்துப் பெரும் பாடகர் அனைவர்க்கும் பக்கத்தில் அமர்ந்தார். ஒருவர் பாடும் முறை மற்றவர்க்கு இல்லை. அரியக்குடியாரின் நடை வேறு; ஜி. என். பி. அவர்களின் பிருகா வேறு. புல்லாங்குழல் மாலி அவர்களோ எப்பொழுது எப்பக்கம் திரும்புவார் என்று முன்னறிய முடியாதவர். அவர்க்கும் இவர் வாசித்தார்.

பக்கவாத்தியம் என்பது எத்தகைய தொழில் என்பதைச் சிறிது எண்ணிப் பாருங்கள். கச்சேரிக்கு முன்னர் ஒத்திகை பெரும்பாலும் இல்லை. பாடகர் எந்த இராகத்தை எடுப்பார் என்பதும் முன்கூட்டித் தெரியாது. அவர் ஆலாபனை செய்யும்போது நிழல்போற் பின்செல்ல வேண்டும். முந்தவும் கூடாது, அறப் பிந்தவும் கூடாது. பின்னர்த் தம் முறை வரும்போது அதே இராகத்தைத் தாமும் விரிக்க வேண்டும். ஆனால் பாடகர் விரித்த அளவினும் குறுக்கியே விரிக்க வேண்டும். கற்பனைச் சுரத்தில் அவர் வீசும் வினாவுக்கு அந்நொடியே விடை வேண்டும். மற்றொருவர் மனத்தில் எழும் எண்ணத்தை அது ஒலியாகுமுன் உய்த்துணரும் பயிற்சி இது. பல்லாண்டு இப்பயிற்சியில் ஊறிய செவி, தனித்து வாசிக்க அமர்ந்தபோது எத்துணைச் செல்வத்தோடு அமர்ந்திருக்கும்!

யாம் அவரை நேரிற் கண்டதில்லை. மாணவராயிருந்த நாளில் ஓர் ஒலிநாடாவில் அவர் வாசிப்பைக் கேட்டோம். அந்தக் கீர்த்தனையின் சொற்கள் எமக்குத் தெரியும். வல்லெழுத்து வருமிடத்தில் வில் சற்றே அழுந்தியது; நெட்டெழுத்தில் நீண்டது; சொல் முடியுமிடத்தில் மெல்ல எழுந்து அடுத்த சொல்லைத் தொட்டது. ஓரிடத்தும் சொல் நடுவிற் பிளவுபடவில்லை. கருவி பாடவேண்டும், வெறும் ஒலி எழுப்பலாகாது என்பதே அவர் பாணியின் உயிர். சீர் பிரிக்கத் தெரியாமற் செய்யுளைக் கொலை செய்யும் பிள்ளைகளை வகுப்பிற் காணுந்தோறும் அவ்வில் எம் நினைவிற்கு வரும்.

1965-ல் ஸ்காத்லாந்து தேசத்து எடின்பரோ விழாவில் அவர் வாசித்தார். யெஹூதி மெனுஹின் என்னும் மேனாட்டுப் பெருங்கலைஞர் அவ்வாசிப்பில் உள்ளம் நெகிழ்ந்து, தம் இத்தாலியப் பிடிலையே அவர்க்குப் பரிசாக அளித்தார். இதன் பொருளை ஆராய்ந்து பாருங்கள். ஐரோப்பியரிடமிருந்து பாலுசாமி தீட்சிதர் பெற்ற கருவியை, நம்மவர் தரையில் அமர்ந்து காலிற் பொருத்தி வேறு வகையில் வாசிக்கக் கண்ட ஐரோப்பிய மரபின் தலைவர் ஒருவர், தம் கருவியையே எடுத்துக் கொடுக்கின்றார்! 1966-ல் ஜெயராமன் அவர்கள் பிடில், குழல், வீணை மூன்றையும் ஒரு மேடையில் இணைத்தார், குழலுக்கு என். ரமணி, வீணைக்கு ஆர். வேங்கடராமன். உருசியா முதலிய நாடுகளிலும் அவர் வாசிப்பு ஒலித்தது. அவர் இயற்றிய தில்லானாக்களுக்கு ஆடாத பரதநாட்டிய மேடை அரிது. பத்மஸ்ரீ 1972-ல், சங்கீத நாடக அகாதமி விருது 1979-ல், பத்மபூஷண் 2001-ல் வந்தன. 'சிருங்காரம்' என்னும் திரைப்படத்தின் இசைக்குத் தேசிய விருதும் பெற்றார். 2013 ஏப்பிரல் 22-ல் சென்னையில் மறைந்தார்.

இவர் ஒருவரே இவ்வாறு உயர்ந்தார் என்று கருதவேண்டா. துவாரம் வேங்கடசாமி நாயுடு அவர்கள் பிடிலைத் தனிக்கச்சேரிக் கருவியாக்கி 1941-ல் சங்கீத கலாநிதி ஆனார். கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளை அவர்களோ வாழ்நாளிற் பெரும்பகுதி பக்கத்தில் அமர்ந்தே 1948-ல் அப்பட்டத்தைப் பெற்றார். பெண்மக்களைக் குறித்து அன்பர் ஐயுறலாம். ஜெயராமன் அவர்களின் தங்கையும் மகளும் பிடில் வாசித்துப் புகழ்பெற்றவர்களே. எம். எல். வசந்தகுமாரி அம்மையார்க்குப் பல்லாண்டு துணையாக வாசித்த ஏ. கன்னியாகுமரி அம்மையார்க்கு 2016-ல் சங்கீத கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

செலவைப் பற்றியும் அன்பர் கேட்டார். கேட்பது முறையே, ஏரிப் பாசனத்தை நம்பியவர் நிலை எமக்குத் தெரியும். ஆயினும் அவர் பாகூரார். நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், பாகூரில் இருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களையே விட்டுக்கொடுத்த செய்தியைச் செப்பேடு கூறுகின்றது. அந்த மண்ணிலிருந்து வந்தவர் நான்கு தந்திகளுக்கு அஞ்சலாமா என்று யாம் உரிமையோடு கேட்கின்றோம்.

இனிச் சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். யாமும் பதினொன்றாம் வயதிற் பிடில் கற்கத் தொடங்கினோம். பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் மாலைதோறும் கற்பித்தார். இரண்டாம் ஆண்டு முடியுந் தறுவாயில் உறவினர் ஒருவர் எம் தந்தையாரிடம், "பக்கத்தில் உட்காருகிறவனை யார் பார்ப்பார்கள்?" என்றார். நம் அன்பர் கேட்ட அதே வினா! எம் தந்தையாரிடத்தும் அன்று விடை இல்லை. கல்வி நின்றது. அவரை யாம் நொந்துகொள்ளவில்லை. அவர்க்கு விடை கூறுவார் ஒருவரும் இலர். அன்பரின் வினாவுக்கு யாம் உடனே வாய் திறவாமல் நின்றமைக்குக் காரணமும் இதுவே.

அப்பிடில் எம் இல்லத்துச் சுவரில் முப்பதாண்டுகளுக்கு மேலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சென்ற வாரம் அதனை இறக்கிப் புதுவைக்குக் கொண்டுசென்றோம். புதிய தந்திகள் பூட்டி, வில்லுக்குப் புதிய மயிரும் கட்டியாயிற்று. மேற்பலகையிலிருந்த சிறு வெடிப்பையும் ஒட்டித் தந்துள்ளனர். பெட்டி இதோ இம்மேசையின்கீழ் இருக்கின்றது. கூட்டம் முடிந்ததும் மூன்றாம் வரிசையில் இருக்கும் அன்பர் வந்து இதனை எடுத்துச்செல்வாராக. பிள்ளைக்குச் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பாடம். அதற்குள் சுருதி கூட்டி வைக்கவேண்டும்.