சிறுநீரகம் காக்கும் உணவும் மருந்தும்

(அறக்கட்டளை விழாவில் ஆற்றிய உரை)



நம் உடலில் ஓசையின்றித் தொண்டாற்றுபவை சிறுநீரகங்கள். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாள்தோறும் சுமார் 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, வேண்டியதை மீண்டும் உறிஞ்சி, ஒன்றிரண்டு லிட்டரையே சிறுநீராக வெளியேற்றுகின்றன. உயர் இரத்த அழுத்தம் இவ்வடிகட்டிகளைச் சிதைக்கும். சிதைந்த சிறுநீரகமோ அழுத்தத்தை மேலும் உயர்த்தும். இச்சுழலைத் தடுக்க உணவும் மருந்தும் இணைந்தே வேண்டும்.

மரக்கறி உண்போரை இந்நோய் அணுகாது என்றும், பத்தியம் காத்தால் மாத்திரை வேண்டா என்றும் நம்மிடையே சிலர் எண்ணுகின்றனர். இரண்டும் பிழையான எண்ணங்களே.

முதலில் உப்பு. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவாகக் கொள்ளுமாறு உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. ஊறுகாய், அப்பளம், வடகம், மோர்மிளகாய் ஆகியவற்றின் உப்பும் இக்கணக்கில் அடங்கும். இந்துப்பு தீங்கற்றது என்பர். அதுவும் பெரும்பகுதி சோடியம் குளோரைடே. சோடியம் குறைத்த உப்பிலோ பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரக நோயாளர் மருத்துவரைக் கேளாமல் அதனைக் கையாளலாகாது.

அடுத்து மருந்து. எனலாப்ரில், ராமிப்ரில், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் போன்றவை இரத்த அழுத்தத்தைத் தணிப்பதோடு, சிறுநீரில் புரதம் கசிவதையும் குறைக்கின்றன. இவ்வகையைச் சேர்ந்த கேப்டோப்ரில், முதல் வகை நீரிழிவால் வந்த சிறுநீரக நோய் முற்றும் வேகத்தைக் குறைக்கிறது என்பதை 1993-இல் வெளியான ஆய்வு நிறுவியது. எனினும் இம்மருந்துகள் இரத்தத்தில் பொட்டாசியத்தை உயர்த்தக்கூடும். அது மிகுந்தால் இதயத் துடிப்பே நின்றுபோகலாம். ஆகவே இளநீர், வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு, தக்காளி ஆகியவற்றை எவ்வளவு கொள்ளலாம் என்பதை இரத்தப் பரிசோதனை கண்டே முடிவு செய்தல் வேண்டும். காய்களை நறுக்கி, மிகுந்த நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துவிட்டால் பொட்டாசியம் ஓரளவு குறையும்.

பருப்பின் அளவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். டயாலிசிஸ் செய்துகொள்வோருக்குப் புரதம் கூடுதலாகத் தேவை. அந்நிலையை எட்டாதோருக்கு அளவான புரதமே நன்று. ஒருவருக்கு எழுதிய பத்தியத்தை மற்றவர் பின்பற்றுதல் தகாது.

இனி, நம் நோன்புகளைப் பற்றி. நீரும் அருந்தாத நோன்பில் உடலின் நீர் வற்றும். அந்நிலையில் இம்மாத்திரைகளை வழக்கம்போல் உட்கொண்டால் சிறுநீரகம் திடீரெனப் பழுதுறலாம். தாமாக நிறுத்தினாலோ அழுத்தம் எகிறலாம். எனவே நோன்பு மேற்கொள்ள எண்ணும்போதே மருத்துவரிடம் கூறி வழி கேளுங்கள். நோன்பு முடித்துப் பாரணையில் இளநீரும் பழச்சாறும் அருந்தலாமா என்பதையும் அப்பொழுதே கேளுங்கள். இரவுண்ணாமையைக் காப்போர், இரவு மாத்திரையைப் பகலுக்கு மாற்ற இயலுமா எனவும் வினவலாம். பலருக்கு அது இயலும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நோயுற்ற ஒருவர் மருத்துவர் சொற்படி நோன்பைத் தளர்த்தினால், உறவினர் எவரும் அவரைக் குறை கூறாதீர்கள். அக்குறைச் சொல்லுக்கு அஞ்சி மருந்தை மறைக்கும் முதியோர் நம் இல்லங்களில் இருக்கலாம். பிற உயிர்க்குக் காட்டும் அருளை அவர்களுக்கும் காட்டுவோம்.