வாளி தூக்கும்போது சிறுநீர் கசிகிறதா?

(தோட்ட மாதர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பால் வாளியைத் தூக்கும்போது, இருமும்போது, தும்மும்போது சிறுநீர் கசிகிறது என்று நம்மில் எத்தனை பேர் வாய் திறந்து சொல்லியிருக்கிறோம்? பிள்ளை பெற்றவளுக்கு இது விதி என்று எண்ணி, துணியை மடித்து வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறோம். சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுகிறார்கள். அது கூடாது; மலச்சிக்கல் வந்து தொல்லை அதிகமாகும்.

இடுப்பெலும்பின் அடியில் தொட்டில் போன்ற தசையொன்று சிறுநீர்ப்பையைத் தாங்குகிறது. பிரசவத்தில் அது தளர்கிறது. பயிற்சியால் அதை மீண்டும் பலப்படுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கேகல் 1948-ஆம் ஆண்டிலேயே எழுதினார்.

சிறுநீரையும் காற்றையும் ஒருசேர அடக்குவது போல் உள்ளே இறுக்கி, மேலே இழுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். ஐந்து எண்ணும் வரை பிடித்து, பிறகு தளர விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. பெரட்டில் நிற்கும்போதும் செய்யலாம், மண்டோருக்குக்கூடத் தெரியாது! வாளியைத் தூக்குமுன் மறவாமல் ஒருமுறை இறுக்குங்கள்.

அந்தத் தசை, தொடையைத் திருப்பும் இடுப்புத் தசையின் உறையைப் பற்றியே நிற்கிறது. ஆகவே ஒருக்களித்துப் படுத்து, முழங்கால்களை மடித்து, பாதங்கள் சேர்ந்திருக்க மேல் முழங்காலை மட்டும் மெல்லத் தூக்கி இறக்கியும் பழகுங்கள்.

பலன் தெரிய மூன்று மாதம் ஆகலாம். எரிச்சலோ ரத்தமோ கண்டால் காத்திராமல் டாக்டரிடம் போங்கள். தனியே கேட்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் ஆயாக் கொட்டகைப் பக்கம் வாருங்கள்.