காத்திருந்தவன் கடந்த கோடு

நடுவர் அவர்களே!

'வெற்றிக்குத் துணை நிற்பது விடாமுயற்சியா? பொறுமையா?' எனக்கு முன்னால் பேசிய நண்பர், "அயர்ன்மேன் பந்தயத்தைப் பாருங்கள்! 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதோட நிக்காம 42 கிலோமீட்டர் ஓட்டம்! எல்லாம் ஒரே நாள்ல! இது முயற்சி இல்லையா?"ன்னு மேசையைத் தட்டினார். பாவம், மேசைக்கு வலிச்சிருக்கும். (சிரிப்பு)

ஐயா, அந்தப் பந்தயமே ஒரு பட்டிமன்றத்துல பிறந்ததுதான்! ஹவாய்த் தீவிலே ஒரு வாக்குவாதம். நீச்சல்காரனா, ஓட்டக்காரனா, சைக்கிள்காரனா, யாருக்கு உடல் உறுதி அதிகம்? ஜான் காலின்ஸ் என்கிற அமெரிக்கக் கடற்படை அதிகாரி, 'மூணையும் சேர்த்து வச்சுப் பார்த்துருவோம்'னார். 1978-இல் 15 பேர் கிளம்பினாங்க. 12 பேர் முடிச்சாங்க. அவங்க பேசிட்டு ஓடினாங்க. நாம பேசிட்டுச் சாப்பிடப் போறோம்! (சிரிப்பு, கைதட்டல்)

நண்பர் பாதிக் கதை சொன்னார். மீதியை நான் சொல்றேன்.

டிம் டான், இங்கிலாந்து வீரர். 2017 மே மாதம் பிரேசில் நாட்டில், 7 மணி 40 நிமிடத்தில் முடித்தார். அயர்ன்மேன் என்ற பெயரில் நடந்த போட்டிகளில் அதுவரை யாரும் காணாத வேகம். அதே ஆண்டு அக்டோபரில் உலகப் போட்டிக்காக ஹவாய் போனார். போட்டிக்கு மூன்று நாள் இருக்கும்போது, சைக்கிள் பயிற்சியில் ஒரு வண்டி மோதியது. கழுத்துக்குள்ளே மேலிருந்து இரண்டாவது எலும்பு முறிந்துபோனது.

எலும்புகளை இணைத்துவிடும் அறுவை சிகிச்சை ஒன்று உண்டு. ஆனால் கழுத்து முன்போலத் திரும்பாது. பழையபடி களத்துக்கு வர வேண்டுமா? தலையைச் சுற்றி ஒரு உலோக வளையம். அதை மண்டையோட்டிலேயே திருகாணி போட்டு முடுக்கணும். மூன்று மாதம்! அவர் அதைத்தான் ஏற்றுக்கொண்டார்.

"அந்த வளையத்தோடயே உடற்பயிற்சி சைக்கிள் மிதிச்சாரே, அது முயற்சிதானே?"ன்னு நண்பர் கேட்பார். மிதிச்சார். ஆனா கால்தான் மிதிச்சது, கழுத்து அசையலே! எதை அசைக்கலாம், எதை அசைக்கக் கூடாதுன்னு தெரிஞ்சு நடக்கிறதுக்குப் பேர்தான் ஐயா பொறுமை! (பலத்த கைதட்டல்)

வளையத்தைக் கழற்றிய சில மாதங்களில், 2018 ஏப்ரலில், பாஸ்டன் மாரத்தானை 2 மணி 49 நிமிடத்தில் ஓடினார். அக்டோபரில் அதே ஹவாய், அதே போட்டி. 8 மணி 45 நிமிடம். முதலிடமா? இல்லை. ஆனால் கழுத்து முறிந்த ஊரிலேயே, ஓராண்டு கழித்து, கோட்டைத் தாண்டினார்.

என் கதையையும் சொல்லிடறேன். நான் தமிழில் டாக்டர். வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிஞ்சப்போ, நிஜ டாக்டர், 'ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது'ன்னார். நான் நாலாவது வாரமே மேடை ஏறிட்டேன். அன்னைக்குத் தலைப்பு என்ன தெரியுமா? 'பொறுமையே பெருமை!' (பலத்த சிரிப்பு)

மேடையிலே கைதட்டல். வீட்டிலே மறுபடியும் மாவுக்கட்டு. என் மனைவி ஒண்ணுதான் கேட்டாங்க: "கைதட்டினவங்கள்ல ஒருத்தராவது உங்களைக் குளியலறைக்குத் தாங்கிட்டுப் போக வருவாங்களா?" அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலே. நான் வீரம்னு நினைச்சது, அவங்க தோள்ல ஏறின பாரம்.

நடுவர் அவர்களே! வள்ளுவர் 'ஊக்கமுடைமை'யை 60-ஆவது அதிகாரமாக வைத்தார். 'காலமறிதல்' எத்தனையாவது? 49! முதலில் காலம், பிறகுதான் ஊக்கம். ஓய்வும் ஒரு பயிற்சிதான் என்று சொல்லி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து, பொறுமையோடு அமர்கிறேன். (கைதட்டல்)