வெறும் வலைக்கும் ஒரு வரி



புதுக்கோட்டை என்றதும் கேட்பவர் மனத்தில் எழுவது சித்தன்னவாசல் சித்திரமும், நார்த்தாமலைக் குன்றுகளும், திருமயம் கோட்டையுமே அன்றிக் கடல் அன்று. அதற்கு நியாயமும் உண்டு. 1948 மார்ச்சு மாதத்தில் இந்திய யூனியனோடு இணைந்துவிட்ட பழைய தொண்டைமான் சமஸ்தானத்திற்கு ஒரு முழம் கடற்கரைகூடக் கிடையாது. 1974 ஜனவரி 14-ஆம் தேதி புதுக்கோட்டை ஒரு தனி ஜில்லாவாக உருவெடுத்தபோதுதான், அதுவரை தஞ்சாவூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த அறந்தாங்கிப் பகுதியோடு, கட்டுமாவடி, மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் முதலான ஊர்கள் அடங்கிய ஏறக்குறைய 42 கிலோமீட்டர் நீளக் கடற்கரையும் அதற்குச் சீதனம்போல வந்து சேர்ந்தது. ஜில்லாவின் தலைநகரில் இருப்பவர்களில் பலர் இன்றுவரை அந்தச் சீதனத்தைப் பெட்டியைத் திறந்து பார்த்தவர்கள் அல்லர் என்பது என் அபிப்பிராயம்.

நான் பார்த்தேன், அதுவும் என் சுயவிருப்பத்தால் அன்று. உள்நாட்டு வறண்ட கிராமமொன்றில் பிறந்து வளர்ந்த என்னை, உபாத்தியாயர் வேலை கொடுத்து, கோட்டைப்பட்டினத்துக்கு வடக்கே ஒரு சிற்றூருக்கு அனுப்பினார்கள். நான் குடியிருந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் வத்தை என்னும் படகு வைத்துத் தொழில் செய்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் இஸ்லாமியர், நான் இந்து. ஆயினும் அந்தக் கரையின் வழக்கப்படி, வந்த மறுமாதமே அவர் எனக்கு மாமா ஆகிவிட்டார், நான் அவருக்கு ‘வாத்தியார் தம்பி’ ஆகிவிட்டேன். அவருக்கு எழுதத் தெரியாது. ஒரு நாள் மாலை, சில்லறைக் கடையில் வாங்கிய நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் திண்ணையில் வைத்து, “தம்பி, நான் சொல்லச் சொல்ல இதுல எழுதிக்கிட்டு வாங்க. போன வருசம் இதே பிறையில எங்க மீன் பட்டுச்சுன்னு பய கேக்குறான், எனக்கு நெஞ்சுக்குள்ள நிக்க மாட்டேங்குது” என்றார். இன்று நான் பேச வந்த விஷயம் அந்த நோட்டுத்தான்.

பாக் நீரிணையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆழ்கடலின் கம்பீரம் எதுவும் இதற்கு இல்லை. பல இடங்களில் ஐந்தாறு பாகம் கயிறு விட்டாலே தரை தட்டிவிடும். அடியில் சேறும், சேற்றை ஒட்டிக் கடற்புல்லுமாகப் பரந்து கிடக்கும். தென்மேற்குப் பருவத்தில் மன்னார் வளைகுடா கொந்தளிக்கும்போது இங்கே கடல் அடங்கியிருக்கும். ஐப்பசி பிறந்து வாடை கிளம்பிவிட்டாலோ நிலைமை தலைகீழாகும். இந்த ஆழமற்ற சேற்றுக் கடலுக்கென்றே அமைந்தது வத்தை. அதன் அடி தட்டையாக இருக்கும். பாய் விரிக்கும்போது காற்றழுத்தத்தில் ஒருபுறமாகச் சாய்ந்துவிடாதபடி, குறுக்கே பலகை ஒன்றை வெளியே நீட்டி, காற்று வரும் பக்கத்தில் ஆட்கள் அதன்மேல் ஏறி உட்கார்ந்து எடை கொடுப்பார்கள்.

முதல் நாள் நான், பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டின் சம்பிரதாயத்தில், தேதி, கிழமை, காற்று, மீன், விலை என்று அழகாகக் கட்டங்கள் கிழித்து வைத்திருந்தேன். மாமா தேதியை ஒப்புக்கொள்ளவில்லை. ஓதம் தேதி பார்த்து ஏறுவதில்லை, பிறை பார்த்துத்தான் ஏறுகிறது என்பது அவர் வாதம். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி நீரோட்டம் வலுக்கும், எட்டாம் பிறையளவில் தளரும், ஆகவே பிறை எழுதாத நோட்டு மீனுக்குப் பயன்படாது என்றார். பக்கத்துத் தெருவிலிருந்த இந்து மீனவர்கள் திதி சொல்வார்கள், இவர் பிறை சொல்வார். இரண்டும் ஒரே சந்திரனைத்தான் சுட்டின. ஆகையால் என் நோட்டில் இங்கிலீஷ் தேதி ஒரு மூலைக்கு ஒதுங்கியது.

அடுத்து, காற்றின் கட்டத்தில் ‘பலமான காற்று’ என்று நான் எழுதியதை வாசித்துக் காட்டியபோது அவர் சிரித்துவிட்டார். பலமென்றால் எவ்வளவு பலம்? “ரெண்டாள் காத்துன்னு எழுதுங்க” என்றார். பலகையின்மேல் ஓர் ஆள் ஏறினால் வத்தை நிமிர்ந்து ஓடும் காற்று ஓராள் காற்று. இருவர் ஏறவேண்டி வந்தால் ஈராள் காற்று. மூவர் ஏறியும் விளிம்பு நீரைத் தொடுமானால், அன்று பாயைச் சுருட்டிவிட்டுக் கரையைப் பார்க்க வேண்டியதுதான். இதைக் கேட்டபோது எனக்கு வியப்பாக இருந்ததே தவிர, அதன் பெருமை விளங்கவில்லை. பிரிட்டிஷ் கடற்படையில் பிரான்சிஸ் போபர்ட் என்ற அதிகாரி, 1805-ஆம் ஆண்டளவில், காற்றின் வேகத்தை எண்களாகக் குறிக்கும் முறை ஒன்றைத் தம் கப்பற்குறிப்பில் கையாண்டார் என்றும், ஒரு போர்க்கப்பல் எவ்வளவு பாயைத் தாங்கும் என்பதையே அந்த எண்களுக்கு அளவுகோலாக வைத்தார் என்றும், உலகத்துக் கப்பல்களெல்லாம் பின்னர் அதனை ஏற்றுக்கொண்டன என்றும் பல ஆண்டுகள் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தபோதுதான், எதிர்வீட்டு மாமா அன்று என்ன சொன்னார் என்பது எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. கருவி கையில் இல்லாதவன் தன் கலத்தையே கருவியாக்கிக்கொள்கிறான்.

காற்றுக்குத் திசை வேண்டுமே. அதற்குப் பெயர்களே போதுமானவை. வடக்கிருந்து வருவது வாடை, தெற்கிருந்து வருவது சோழகம், கிழக்கிருந்து கொண்டல், மேற்கிருந்து கச்சான். நீரோட்டத்தை நீவாடு என்பார்கள். காற்று ஒரு திசையிலும் நீவாடு அதற்கு எதிர்த்திசையிலும் இருந்தால் வலை சுருண்டு கயிறாகிவிடும். ஆதலால் இரண்டையும் தனித்தனியே எழுதவேண்டும். தண்ணீரின் நிறமும் எழுதவேண்டும். மேற்கே நல்ல மழை பெய்து வெள்ளாற்றில் புதுநீர் இறங்கினால் முகத்துவாரத்தை ஒட்டிக் கலங்கல் பரவும். கலங்கல் கடலில் ஒரு மீன், தெளிவில் ஒரு மீன், சேற்றில் ஒரு மீன், கடற்புல்லில் ஒரு மீன். ஓரா மீன் வேண்டுமென்றால் புல்லிருக்கும் இடத்துக்குத்தான் போகவேண்டும்.

இவ்வாறு மூன்று வாரம் எழுதினோம். நாலாவது வாரம் மாமா தொடர்ந்து ஐந்து நாள் திண்ணைக்கு வரவில்லை. உடல்நலமில்லையோ என்று விசாரிக்கப் போனால், வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “மீனே படலை தம்பி, என்னத்தைச் சொல்ல, என்னத்தை எழுத?” என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. மீன் கிடைத்ததை எழுதத்தானே நோட்டு?

ஆண்டு முடிந்து நோட்டைப் புரட்டிப் பார்த்தபோதுதான் எங்கள் பிசகு தெரிந்தது. அந்த நோட்டின்படி அவர் கடலுக்குப் போன நாளெல்லாம் மீன்பாடு. சோழகத்திலும் மீன், வாடையிலும் மீன், கலங்கலிலும் மீன், தெளிவிலும் மீன். எந்தப் பிறையில் போகலாம், எந்தப் பிறையில் போகவேண்டாம் என்பதற்கு அதில் ஒரு விடையும் இல்லை. மனித ஞாபகம் எந்தத் தவற்றைச் செய்கிறதோ அதே தவற்றை, அதாவது நிறைந்த வலையை நினைவில் வைத்து வெறும் வலையை மறக்கின்ற தவற்றை, நாங்கள் மை தொட்டுச் செய்திருந்தோம். அதைக் கண்டுபிடித்தவனும் நான் அல்லேன், மாமாவின் மகன்தான். “வாப்பா, சும்மா வந்த நாளை எழுதலைன்னா இது கல்யாண மொய் நோட்டு மாதிரில்ல இருக்கு” என்றான் அவன்.

இரண்டாவது நோட்டிலிருந்து பூஜ்யம் இடம்பெற்றது. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. போய் வலையிட்டு ஒன்றும் படாமல் வந்தால் பூஜ்யம். போகவே இல்லை என்றால் கோடு, கோட்டின் பக்கத்தில் காரணம். பெருநாள், கல்யாணம், வலை கிழிந்தது, காய்ச்சல் என்று காரணங்கள் ஆயிரம் இருக்கும். இன்று விசைப்படகு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கோடு இன்னும் அவசியம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் அவர்களுக்குத் தடைக்காலம். மற்ற மாதங்களிலும், நாட்டுப்படகுகளோடு முறை வைத்துக்கொண்ட ஏற்பாட்டின்படி, வாரத்தில் மூன்று நாள்தான் அவர்கள் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போகிறார்கள். இதையெல்லாம் எழுதாமல் விட்டால், பின்னால் படிப்பவன் வெற்றிடத்தைக் கண்டு, கடலில் மீன் இல்லாமற் போயிற்று என்று தீர்மானித்துவிடுவான்.

மீன் எவ்வளவு என்பதோடு, அதற்கு எவ்வளவு பாடுபட்டோம் என்பதும் வேண்டும். முப்பது கிலோ நண்டு என்று இரண்டு வத்தைக்காரர்கள் எழுதியிருக்கலாம். ஒருவர் பத்து வலையை ஓர் இரவு போட்டு எடுத்தது, மற்றவர் நாற்பது வலையை இரண்டு இரவு போட்டு எடுத்தது என்றால், இருவர் கண்ட கடலும் ஒரே கடலாகுமா? மீன்வள சாஸ்திரத்தில் முயற்சியும் பிடிப்பும் என்று இதைத்தான் சொல்கிறார்கள். 1947-இல் தோன்றி, 1949 முதல் நம் அண்டைக் கரையான மண்டபத்திலிருந்து பணியாற்றி, 1971-இல் தலைமையகத்தைக் கொச்சிக்கு மாற்றிக்கொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், மீன் இறங்குதுறைகளில் ஆள் நிறுத்தி, வந்த படகு எத்தனை, எந்த வலை, எத்தனை மணி நேரம், என்ன மீன், எவ்வளவு என்று முறை வகுத்துக் கணக்கெடுத்து வருகிறார்கள். அவர்கள் எல்லா நாளும் எல்லாத் துறையிலும் நிற்க முடியாது. மாதிரிக்குச் சில துறை, சில நாள் என்று பொறுக்கியெடுத்துத்தான் முழுமையைக் கணிக்கிறார்கள். படகில் இருப்பவனோ போன ஒவ்வொரு நாளும் அங்கேதான் இருக்கிறான்.

பல கைக் குறிப்புகள் ஓரிடத்தில் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்கரான மாத்தியூ மோரியின் கதை ஒன்றே போதும். 1839-இல் குதிரை வண்டி கவிழ்ந்து கால் ஊனமுற்றதால் கப்பலேற இயலாமற்போன அந்தக் கடற்படை அதிகாரியை, 1842-இல், கடற்படையின் வரைபடங்களையும் கருவிகளையும் பாதுகாக்கும் கிடங்குக்குத் தலைவராக்கினார்கள். அங்கே தூசு படிந்து கிடந்த பழைய கப்பற்குறிப்புகளை எல்லாரும் குப்பையென்று கருதியிருக்க, அவர் அவற்றைப் பிரித்து, எந்த மாதத்தில் எந்த இடத்தில் என்ன காற்று என்று தொகுத்து, 1847-இல் காற்று நீரோட்டப் படத்தை வெளியிட்டார். குறிப்பு எழுதி அனுப்பும் மாலுமிக்குப் படம் இனாம் என்பது அவர் செய்த சாமர்த்தியமான ஏற்பாடு. நம்மவர்க்கும் தினப்படி எழுதும் வழக்கம் புதிதன்று. புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில் துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் செய்தி நிறைய உண்டு. ஆயினும் அது துபாஷியின், அதாவது மொழிபெயர்ப்பாளரின் குறிப்பு, கரையிலிருந்து கண்டது.

மாமாவின் பேரன் இப்போது எஞ்சின் வைத்த பைபர் படகில் போகிறான். ஜி.பி.எஸ். கருவியில் அவன் சேமித்து வைத்திருக்கும் ‘பாயிண்ட்’டுகள் பாட்டனார் அறியாதவை. ஐதராபாத்தில் 1999-இல் நிறுவப்பட்ட கடல் தகவல் நிலையத்தார், விண்கலம் கண்டறியும் கடல்மேல் வெப்பத்தையும் பச்சையத்தையும் கொண்டு, மீன் கூடும் இடங்களை அறிவிக்கிறார்கள். பேரன் அதையும் கைப்பேசியில் பார்க்கிறான். ஆனால் நம் கரையோரம்போல் சேறு கலங்கிய ஆழமற்ற நீரில் பச்சையத்தைப் பிரித்தறிவது விண்கலத்துக்கும் கடினந்தான். அவனும் ஒரு நோட்டு வைத்திருக்கிறான். சென்ற முறை போனபோது அதைக் காட்டினான். பிளாஸ்டிக் பையில் சுற்றி டீசல் கேனுக்குப் பக்கத்தில் வைத்திருந்ததால் அட்டையில் எண்ணெய்க் கறை. உப்பு ஊறி உலர்ந்த தாள்கள் அப்பளம்போல் விறைத்திருந்தன. ஈரத்தாளில் பேனா எழுதாதென்று, பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டிருந்தான். 2018 நவம்பர் 15-ஆம் தேதிக்கு நேரே ஒரு கோடு, பக்கத்தில் ‘புயல்’ என்ற ஒரு சொல். மறுநாள் விடிவதற்குள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையேறியது. அதன் பிறகு கோடுகளே பல பக்கம். இன்னொரு பக்கத்தில், ‘வலையில் ஆவுளியா, வலையை அறுத்து விட்டாச்சு’ என்றிருந்தது. ஆவுளியா என்பது கடற்பசு. தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை, இந்தியாவின் முதல் கடற்பசுக் காப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. அந்த வரிக்கு நேரே மீன் எடையின் கட்டத்தில் பேரன் பூஜ்யம் போட்டிருந்தான்; வலைச்சேதம் எவ்வளவு என்பதையும் ரூபாயில் எழுதியிருந்தான்.

மாமாவைக் கடைசியாகப் பார்த்த நாள் நினைவுக்கு வருகிறது. கண்பார்வை மங்கித் திண்ணையோடு கிடந்தார். பழைய நோட்டில் ஒரு பக்கத்தை வாசிக்கச் சொன்னார், வாசித்தேன். “கொண்டல்னா எழுதியிருக்கு? இல்ல தம்பி, அன்னிக்கு வாடைக்கொண்டல். வடகிழக்குல இருந்துல்ல தள்ளுச்சு. மாத்துங்க” என்றார். எத்தனையோ ஆண்டுக்கு முந்தைய காற்று! எழுதியது அன்று மாலையே எழுதியது, சொல்வது இன்றைய ஞாபகம், எதை நம்புவது? அழிப்பதற்கு எனக்குக் கை வரவில்லை. பழைய சொல்லை அப்படியே விட்டு, ஓரத்தில், ‘வாடைக்கொண்டல் என்று இன்று சொன்னார்’ என எழுதி, அன்றைய தேதியைப் போட்டேன். “பிறையையும் போடுங்க” என்றார்.