நெற்றிச் சுழி
(முன்னாள் மாணவியர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



"ஓவியம் பற்றி ஏதாவது பேசு" என்றார்கள். குற்றாலத்தில் படித்தவளுக்கு ஓவியம் என்றதும் சித்திர சபைதான் நினைவுக்கு வரும். ஐந்து சபைகளில் நடராசர் ஓவியமாக ஆடும் இடம். விடுதியிலிருந்து போய், சுவரை அண்ணாந்து பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் என் முதல் பாடம். ஆனால் இன்று சொல்லப்போவது அஞ்சலட்டையைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு குதிரைப் படத்தைப் பற்றி.

சில வருஷங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். தென்காசியிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் தாத்தா ரயிலடியிலிருந்து குற்றாலத்துக்கு ஜட்கா ஓட்டியவர். குதிரை செத்துப் பல காலம் ஆயிற்று. மிச்சம் இருந்தது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. அதைப் பார்த்து வாட்டர் கலரில் வரைந்து தர வேண்டும். நிறம்? "புளியங்கொட்டைக் கலர்னு தாத்தா சொல்லுவாங்க அக்கா."

பர்ன்ட் சியன்னாவில் கொஞ்சம் அல்ட்ராமரின் நீலம் கலந்தால் அந்த நிறம் வந்துவிடும். வராதது வெயில்தான். ஒரு பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்ததைப் போடலாம்; அரை ஈரத்தில் போட்டால் காலிபிளவர் மாதிரி கறை விரியும். சாரல் காலத்தில் தாள் எங்கே காய்கிறது? அடுப்படியில் வைத்துக் காத்துக் கிடந்தேன். பின்னங்கால் வேறு படுத்திற்று. நடுவில் பின்பக்கமாக மடங்குவது முழங்கால் இல்லை, குதிகால். தெரிந்தாலும் கை முழங்காலாகவே போடும்!

முடித்தபோது எனக்கே பெருமை. பெரியவர் நேரில் வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"குதுர நல்லாத்தான் இருக்கு தாயி. ஆனா இது நம்ம குதுர இல்ல. நெத்திச் சுழி எங்க?"

போட்டோவில் கண்ணுக்கு மேலே ஒரு புள்ளி இருந்தது. பழைய படத்துக் கறை என்று நான்தான் விட்டுவிட்டேன்.

"அந்தச் சுழி ஆகாதுன்னு சந்தையில ஒருத்தரும் வாங்கல. அதனாலல்லா எனக்கு விலை கட்டுச்சு. அது இழுத்துத்தான் மூணு பொண்ணுகளக் கட்டிக் கொடுத்தேன்" என்றார்.

எனக்கு நாக்கு எழவில்லை. அன்று இரவே ஈரத் தூரிகையால் தேய்த்து, ஒற்றுத்தாளால் வண்ணத்தை எடுக்கப் பார்த்தேன். தாள் நாராக எழும்பி, நெற்றி புண் மாதிரி ஆயிற்று. நீர்வண்ணத்தில் வெளிச்சம் என்பது தாளின் வெள்ளைதான். முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். வேறு தாள் எடுத்தேன். மறுபடி பெரியவரை வரவழைத்தேன். மயிர் எந்தப் பக்கம் சுற்றும் என்று தம் உள்ளங்கையில் விரலால் சுற்றிக் காட்டினார். ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. இந்த முறை சுழியிலிருந்துதான் ஆரம்பித்தேன்.

இரண்டாவது படம் தென்காசியில் அவர் வீட்டில் இருக்கிறது. முதல் படத்தைக் கொண்டுவந்திருக்கிறேன், பின்மேசையில் வைத்திருக்கிறார்கள். தங்கைகள் கையில் எடுத்தே பார்க்கலாம், நெற்றியில் நான் தேய்த்த இடம் நன்றாகத் தெரியும்.