மகப்பேறும் உணவும் மூலிகையும்

மணமாகி ஓராண்டு கடந்தும் மகப்பேறு வாய்க்காவிடில், வத்தளை போன்ற ஊர்களிலும் முதலிற் பழிக்கப்படுபவள் பெண்ணே. சாத்தாவாரிக் கிழங்கும் அமுக்கராச் சூரணமும் அவளுக்கே புகட்டப்படுகின்றன. ஆயின், ஏறத்தாழப் பாதித் தம்பதியரிடத்துக் குறை ஆணிடமும் உண்டு.

கீரையும் பயறும் மீனும் பழமும் இருவர்க்கும் நலந்தரும். புகையிலையும் மிகுமதுவும் விந்தணுவைக் கெடுக்கும். கருவுற விழையும் பெண் முன்கூட்டியே நாள்தோறும் 400 மைக்கிரோகிராம் போலிக் அமிலம் உட்கொள்வது, சிசுவின் மூளை, முதுகுத்தண்டுக் குறைகளைப் பெரிதும் தடுக்கும். குடும்பநல மாதிடம் இதனை வினவி அறியலாம்.

மூலிகை யாவும் தீங்கற்றவை அல்ல. அமுக்கரா கருவுற்றோர்க்கு ஆகாது. ஈயம் கலந்த மருந்து இருபாலார்க்கும் கேடு. அடைபட்ட கருக்குழாயை எந்தக் கஷாயமும் திறவாது. ஆதலின் ஓராண்டு கடந்தால், பெண் 35 வயதைக் கடந்தவளாயின் ஆறு திங்களிலேயே, கணவனும் மனைவியும் ஒருங்கே வைத்தியரை நாடுவார்களாக. உண்ணும் மூலிகையையும் அவரிடம் மறையாது உரைப்பார்களாக. இல்லறம் இருவர்க்கும் உரியது; பரிசோதனையும் அவ்வாறே.